வெண்புழுவும் நூறாண்டு மருந்துக் கணக்கும்

பிரெஞ்சு மொழியில் புழுவுக்கு ‘வேர்’ என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது தீராத வேடிக்கை. ‘வேர் ப்ளான்’ என்றால் வெள்ளைப் புழு. அது தின்பதோ செடியின் வேரை. ‘வேர் ஆ ஸுவா’ என்றால் பட்டுப்புழு. அது கக்கும் நூலை நம்பித்தான் நான் இப்போது குடியிருக்கும் காஞ்சிபுரம் பிழைக்கிறது. இந்த இரண்டு புழுக்களுக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறோர் உறவும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் போன மாதம் பேசும்போது, “சித்தப்பா, எங்க வீட்டுக்குப் பின்னால கோல்ஃப் ஆடற திடல்ல புல்லைப் பாய் மாதிரி உரிச்சுப் போட்டுப் புழு எண்ணிக்கிட்டிருக்காங்க. இதுக்கெல்லாமா சம்பளம்?” என்று சிரித்தான். சம்பளம் உண்டு. நூறாண்டாக உண்டு. வேளாண்மை சம்பந்தப்பட்ட அலுவலகங்களில் பூச்சி மருந்தின் சரக்குப் பதிவேட்டை எழுதியே பாதிக் காலத்தைக் கழித்த குமாஸ்தா நான். வரவு, பட்டுவாடா, இருப்பு என்று மூன்று பத்திகள். அந்தப் பத்திகளுக்கு அப்பால் அந்த மருந்து எங்கே போயிற்று, என்ன செய்தது என்று வேலையில் இருந்தபோது யோசிக்க நேரமில்லை. ஓய்வு பெற்றபின் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புழுவைப் பார்த்துவிடுவோம். உழும்போதோ தோட்டம் கொத்தும்போதோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைவெளேரென்று கொழுத்த உடம்பு, பழுப்புத் தலை, முன்பக்கம் மூன்று ஜோடிக் கால்கள், பிறைபோல் வளைந்து கிடக்கும். கரும்புக்காரர்கள் வெண்புழு என்பார்கள், கடலைக்காரர்கள் வேர்ப்புழு என்பார்கள். இது வளர்ந்தால் பழுப்பு நிற வண்டு. ஐரோப்பாவில் இதன் உறவுக்கார வண்டுக்கு பிரெஞ்சில் ‘ஆன்தோன்’ என்று பெயர். எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பையன் அதன் காலில் நூல் கட்டிப் பறக்கவிடும் படம் இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் தழை போட்டுப் பொன்வண்டு வளர்த்தது போலத்தான்.

இந்த ஐரோப்பியர்கள் வெண்புழுவோடு போட்ட சண்டை பழையது. 1479-ல் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துப் பிஷப்பின் நீதிமன்றத்தில், பயிரின் வேரைத் தின்ற புழுக்கள் மேல் வழக்கே நடந்தது. அவை வண்டின் புழுக்கள் என்றுதான் கருதப்படுகிறது. புழுக்களுக்குச் சம்மன் போயிற்று; அவற்றின் சார்பில் பேச வக்கீலும் நியமிக்கப்பட்டார். கடைசியில் பிஷப் அவற்றைச் சபித்துத் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பைப் புழுக்கள் மதித்ததாகத் தெரியவில்லை. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஒரு வக்கீலாவது இருந்தார். பிற்கால மருந்துச் சோதனைகளில் அதுகூட இல்லை.

இப்போது கோல்ஃப். நம்மில் பலருக்கு இந்த ஆட்டம் தொலைக்காட்சியில் பார்த்த அளவுதான். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் உள்வட்டத்தில் ஜிம்கானா கிளப்பார் நெடுங்காலம் ஆடிவந்தார்கள். நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது மவுண்ட் ரோடு ஓரமாகக் காஸ்மாபாலிடன் கிளப்பின் பச்சைத் திடல் கண்ணில் படும். குழி இருக்கிற இடத்தைச் சுற்றிலும் புல்லை நாளும் ஒட்ட வெட்டி ஜமக்காளம் விரித்தது போல வைத்திருப்பார்கள். அதற்கு ‘கிரீன்’ என்று பெயர். வெப்ப நாடுகளில் பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது பெர்முடா புல். அது வேறொன்றுமில்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் வகையறாதான். வயலில் களையென்று பிடுங்கி எறிவதை அங்கே லட்சக்கணக்கில் செலவழித்து வளர்க்கிறார்கள்.

வெண்புழு புல்லின் வேரை மண்ணுக்கு ஓரங்குலம் கீழே வெட்டித் தின்றுவிடும். மேலே புல் சில நாள் பச்சையாகவே இருக்கும். பிறகு திட்டுத் திட்டாகப் பழுப்பேறும். கையால் பிடித்து இழுத்தால், கீழே பிடிப்பு இல்லாததால் தரையே பாய் போலச் சுருண்டு வரும். புழுவைத் தேடிப் பறவைகளும் பெருச்சாளி போன்ற பிராணிகளும் வந்து கிளறுவதில் இன்னும் பாழாகும். பணக்காரர்கள் ஆடும் இடம் என்பதால் இந்தச் சேதத்துக்கு உடனே கவனம் கிடைத்தது. கடலை விவசாயிக்கும் இதே புழு இதே கெடுதலைத்தான் செய்தது. அவனுக்காக ஆய்வுக்கூடம் வரப் பல காலம் ஆயிற்று.

அமெரிக்காவில் கதை 1916-ல் தொடங்குகிறது. நியூஜெர்சி மாநிலத்தில் ரிவர்ட்டன் என்ற ஊரை ஒட்டிய ஒரு நாற்றுப் பண்ணையில் பச்சையும் செம்பும் கலந்து மின்னும் வண்டுகள் ஒரு டஜன் போலக் கண்ணில் பட்டன. ஜப்பானிலிருந்து வந்த செடிகளின் வேர் மண்ணில் புழுவாக ஒளிந்து வந்திருக்க வேண்டும். சொந்த ஊரில் அதைத் தின்னும் எதிரிகள் உண்டு, இங்கே யாருமில்லை. பெருகிப் பரவிற்று. அதற்கு ஜப்பான் வண்டு என்றே பெயராகிவிட்டது. பச்சைப் புல்வெளியில்தான் முட்டையிடப் பிடிக்கும் என்பதால் கோல்ஃப் திடல்கள் அதற்கு மாமியார் வீட்டு விருந்தாக அமைந்தன.

அரசாங்கம் ரிவர்ட்டனிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்தது. அங்கே பி. ஆர். லீச் என்பவரும் கூட்டாளிகளும் 1920-களில் புல்தரையில் மருந்துகளைச் சோதித்தார்கள். 1920-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தார் புல் பராமரிப்புக்கென்றே ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். முடிவுகள் அவர்களுடைய சஞ்சிகையில் வெளிவந்தன.

சோதனை செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஏறக்குறைய இன்றுவரை அதே முறைதான். புல்தரையைச் சின்னச் சின்னப் பாத்திகளாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். சில பாத்திகளுக்கு ஒரு மருந்து, சிலவற்றுக்கு வேறொன்று, சிலவற்றுக்கு ஒன்றுமே கிடையாது. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சோதிப்பவர் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்வார்கள். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் இருந்த ஃபிஷர் என்ற கணித மேதை 1920-களில் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு அது. சில வாரம் கழித்து ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டி, புத்தகத்தின் அட்டையைப் புரட்டுவது போலப் புரட்டி, கீழே உயிரோடு இருக்கும் புழுக்களை எண்ணுவார்கள். என் அண்ணன் மகன் பார்த்தது இதைத்தான்.

எண்ணினால் மட்டும் போதாது. மருந்தே போடாத இடத்திலும் நோயால், பசியால், வெயிலால் சில புழுக்கள் சாகும். அந்தச் சாவையெல்லாம் மருந்தின் கணக்கில் எழுதக்கூடாதல்லவா? 1925-ல் அபாட் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். மருந்தில்லாத பாத்தியில் 80 புழு உயிரோடு, மருந்திட்ட பாத்தியில் 20 புழு உயிரோடு என்றால், மருந்து கொன்றது 80-க்கு 60. அதாவது நூற்றுக்கு 75. அவ்வளவுதான் சூத்திரம். வீட்டுக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் புரியும். உலகம் முழுக்க இன்றைக்கும் பூச்சி மருந்துச் சோதனையில் அபாட்டின் பெயர் அடிபடுகிறது.

லீச்சின் சோதனையில் வென்றது ஈய ஆர்சனேட். ஈயமும் பாஷாணமும் சேர்ந்த வெள்ளைப் பொடி. 1892-ல் மாசசூசெட்ஸில் மரங்களைத் தின்ற அந்துப்பூச்சிக்காக முதலில் பயன்படுத்தியது. ஆயிரம் சதுர அடிக்கு 10 ராத்தல் என்பது புல்தரைக்கு வழக்கமான அளவாயிற்று. ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 435 ராத்தல், ஏறத்தாழ 200 கிலோ! வேரோடு சேர்த்துப் புழு அதையும் தின்று சாகும். இதைப் ‘புழுக்காப்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து அழைத்தார்கள். இதன் பெரிய சிறப்பாகச் சொல்லப்பட்டது, ஒருமுறை போட்டால் பல ஆண்டு மண்ணில் நிற்கும் என்பது. எண்ணிப் பார்த்தவர்கள் சரியாகத்தான் எண்ணினார்கள். ஆனால் ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் மண்ணிலிருந்து எங்கும் போக வழியில்லை. 1988-ல் அமெரிக்கா அதை முழுக்கத் தடை செய்தது. பழைய ஆப்பிள் தோட்டங்கள் இருந்த இடங்களில் வீடு கட்டப் போகிறவர்கள் இன்றைக்கும் மேல் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் 1933-ல் நியூஜெர்சியில் விசித்திரமான சில புழுக்கள் கிடைத்தன. உடம்புக்குள் ரத்தம் பால் போல வெளுத்திருந்தது. ஒரு பாக்டீரியா தரும் நோய். ‘பால் நோய்’ என்று பெயரிட்டார்கள். நோயுற்ற புழுக்களை உலர்த்தி அரைத்து, பொடியாக்கி, 1939-லிருந்து பல மாநிலங்களில் அரசே புல்தரைகளில் தூவிற்று. வேறு எதையும் தொடாமல் அந்தப் புழுவை மட்டும் கொல்லும் மருந்து. ஆனால் பரவ ஆண்டுக் கணக்காகும். அடுத்த மாதமே போட்டி வைத்திருக்கும் கிளப் செயலாளருக்கு அவ்வளவு பொறுமை ஏது? பிற்காலச் சோதனைகளில் அதன் பலன் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை என்றும் தெரியவந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் புதிய மருந்துகள் கொட்டின. டி.டி.டி., குளோர்டேன், ஆல்ட்ரின், டைல்ட்ரின். பாத்திச் சோதனையில் எல்லாம் முதல் வகுப்பில் தேறின. 1954-ல் இலினாய் மாநிலத்தில் ஷெல்டன் என்ற ஊரைச் சுற்றி ஜப்பான் வண்டை ஒழிக்க டைல்ட்ரினை ஆகாயத்திலிருந்து தூவினார்கள். 1959-ல் டெட்ராய்ட் பக்கம் ஆல்ட்ரின். ஷெல்டனில் என்ன நடந்தது என்பதை ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-ல் வெளிவந்த தமது நூலில் விவரித்திருக்கிறார். ராபின் பறவைகளும் வானம்பாடி வகைகளும் ஏறக்குறைய துடைத்தெடுத்தது போல மறைந்தன. அணில் இனங்கள் செத்தன. அவற்றைத் தின்ற பண்ணை வீட்டுப் பூனைகளில் பத்துக்கு ஒன்பது செத்தன. சோதனைப் பதிவேட்டில் பூனைக்கென்று பத்தி கிடையாது. சதுர அடிக்கு எத்தனை புழு என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தது, அதற்குத்தான் பதிலும் எழுதப்பட்டது.

புழுவும் சும்மா இருக்கவில்லை. தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததிகள் அந்த மருந்தைத் தாங்கப் பழகின. 1970-களில் குளோர்டேன் போட்ட திடல்களிலேயே புழு கொழுத்தது. குளோர்டேனும் பெரும்பாலான பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தவை சீக்கிரம் சிதைந்துபோகும் பாஸ்பரஸ் வகை மருந்துகள். அதில் டயசினான் என்பது கோல்ஃப் திடல்களில் பெயர் பெற்றது. 1984-ல் நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்டில் டயசினான் தெளித்த ஒரு திடலில் புல் மேய இறங்கிய பிராண்ட் என்ற சிறு வாத்தினத்தில் சுமார் 700 பறவைகள் செத்து விழுந்தன. அந்தச் சாவை யாராலும் மறைக்க முடியவில்லை. கோல்ஃப் திடல்களிலும் புல் வளர்க்கும் பண்ணைகளிலும் டயசினான் கூடாதென்று சில ஆண்டுகளில் உத்தரவாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு வேடந்தாங்கல் நினைவு வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லை. நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அந்த ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கச் சொல்லிக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்பது அவர்கள் கணக்கு. பறவையையும் வரவில் எழுதத் தெரிந்த கணக்கு அது. ஏர் ஓட்டும்போது பின்னாலேயே நடந்து வரும் உண்ணிக்கொக்கை நம் உழவர்கள் விரட்டுவதில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். கலப்பை புரட்டிப் போடும் வெண்புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது அதுதான்.

இனி நம் ஊர். இந்தியாவில் பி.எச்.சி. உற்பத்தி 1952-ல் கல்கத்தா பக்கம் தொடங்கியது. நம் கிராமங்களில் கமாக்சின் என்றால்தான் தெரியும். வெண்புழுவுக்கும் அதுதான், கரையானுக்கும் அதுதான், நெல்லுக்கும் அதுதான். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் கிடங்கில் பத்து சதப் பொடி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் அந்த நெடி பதிவேட்டுத் தாளிலெல்லாம் ஏறிவிடும். கடைநிலை ஊழியர் ஒருவர் மூட்டை கிழிந்தால் கையாலேயே அள்ளி வேறு சாக்கில் போடுவார். அதே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு டீ குடிப்பார். கையுறை என்பது அப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. விவசாயிகளும் வேட்டி முந்தியில் பொடியைக் கட்டிக்கொண்டு விதைப்பது போலத்தான் தூவினார்கள்.

மருந்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்ற எண்ணமே ஒரு கோரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1958-ல் கேரளாவில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்தும் உணவுப் பண்டமும் ஒரே கப்பலில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றப்பட்டு வந்தன. அதன் விளைவாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 1971-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகே பதிவு, லைசென்ஸ், டப்பாவில் நிற முக்கோணம் எல்லாம். பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தடை. வெண்புழுவுக்கு அதன் இடத்தில் வந்த போரேட் குருணை மிகக் கொடிய விஷம். அது 2020 கடைசியில்தான் நின்றது. இப்போது விதையிலேயே பூசிவிடும் இமிடாகுளோபிரிட் போன்றவை வழக்கத்தில் இருக்கின்றன. அதன் மேல் தேனீக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் 2018-லிருந்து திறந்த வயலில் அதைப் போடக்கூடாது.

நம் நாட்டில் வெண்புழு ஆராய்ச்சிக்கு அகில இந்திய அளவில் ஒரு திட்டமே அமைத்தார்கள். ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை அடுத்த துர்காபுராதான் அதற்கு நடுநாயகம். அங்கே மணற்பாங்கான நிலத்தில் கடலைப் பயிர் அடியோடு போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்குள் இருக்கும் புழுவை விஷத்தால் துரத்துவதை விட, வெளியே வரும் வண்டைப் பிடிப்பது சுலபம் என்று அவர்கள் கண்டதுதான் என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி.

இந்த வண்டு கோடையெல்லாம் மண்ணுக்குள் அசையாமல் காத்திருக்கும். முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த அன்று அந்தி சாய்ந்ததும் கூட்டமாக வெளியே வரும். நேரே வேப்பமரம், இலந்தை மரம் என்று போய் உட்காரும். அங்கே இணை சேரும், இலை தின்னும். விடிவதற்குள் மீண்டும் மண்ணுக்குள் இறங்கி முட்டையிடும். பத்து நாள் போல ஆனால் புழு. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. வைகாசியில் வரதர் கருட சேவையின்போது கியாஸ் லைட்டில் வந்து ‘டப்’பென்று மோதி, சட்டைக் காலருக்குள் விழுந்து நம்மை ஆட்டம் போட வைத்த பழுப்பு வண்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அந்த இனம்தான்.

ஆகவே வருஷத்தில் சில ராத்திரிகள்தான் அது மனிதன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அந்த ராத்திரிகளில் ஊரே சேர்ந்து கொக்கிக் கம்பால் வேப்பங்கிளைகளை உலுக்கி, கீழே விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டார்கள். வேறு சில இடங்களில் அந்த மரங்களுக்கு மட்டும் மருந்து தெளித்தார்கள். ஒருவன் மட்டும் செய்தால் பயனில்லை, பக்கத்து வயலின் வண்டு இவன் வயலில் முட்டையிடும். எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். 1996-ல் இன்னொன்றும் தெரியவந்தது: இந்த இனத்தில் ஒரு வகையின் பெண் வண்டு மற்ற வண்டுகளைக் கூட்டுவதற்கு விடும் வாசனை, அனிசோல் என்ற சாதாரண ரசாயனம். சோம்பைப் போல மணக்கும். அதைப் பஞ்சில் நனைத்து ஒரு மரத்தில் கட்டினால் ஊர் வண்டெல்லாம் அந்த மரத்துக்கே வரும். வயல் முழுக்க மூட்டை மூட்டையாகக் கொட்டிய இடத்தில் சில துளி!

இப்போது பட்டுப்புழுவுக்கு வருகிறேன். பட்டுப்புழு வளர்க்கிறவர்களை நடுங்கவைக்கும் ஒரு நோய் உண்டு. புழு விறைத்து, வெள்ளை பூத்து, சுண்ணாம்புக் கட்டி போலாகிவிடும். இத்தாலியில் சட்டம் படித்த அகோஸ்டினோ பாஸி என்பவர் பல்லாண்டு பாடுபட்டு, இதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணம் என்று 1835-ல் நிறுவினார். ஓர் உயிருக்கு நோய் தருவது கண்ணுக்குத் தெரியாத வேறோர் உயிர் என்பதைக் காட்டிய முதல் சான்றுகளில் அது ஒன்று. பாஸ்டர் பட்டுப்புழு நோயை ஆராய வந்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பாஸ்டரைப் பற்றி மணிக்கணக்கில் சொன்னார். பாஸியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பட்டுக்கு எமனான அந்தப் பூஞ்சாணக் குடும்பம் வெண்புழுவுக்கும் எமன். ரஷ்யாவின் மெச்னிகோவ், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர், 1879-ல் ஒதெஸ்ஸாவில் கோதுமை வண்டின் புழுக்கள் மேல் பச்சைப் பூஞ்சாணம் ஒன்றைச் சோதித்தார். அந்த வண்டின் பெயரையே வைத்து அந்தப் பூஞ்சாணத்துக்கு மெட்டாரைசியம் அனிசோப்ளியே என்று பெயர் வந்தது. ஈய ஆர்சனேட் பிறப்பதற்கு முன்பே வெண்புழுவுக்கு இப்படி ஒரு மருந்து கையில் இருந்திருக்கிறது! சுவிட்சர்லாந்தில், பிஷப் சபித்த அதே நாட்டில், இப்போது பார்லி மணிகளில் ஒரு பூஞ்சாணத்தை வளர்த்து விதை போல மண்ணுக்குள் இறக்குகிறார்கள். ஒரே எச்சரிக்கை: பாஸியின் வெள்ளைப் பூஞ்சாணத்தை மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு இருக்கும் பக்கம் போடக்கூடாது. காஞ்சிபுரத்தில் நெய்கிறவர்களுக்குக் கவலையில்லை. நூல் வெளியூரிலிருந்து வருகிறது. புழு வளர்க்கும் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

நம் கோயம்புத்தூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய விவசாயப் பள்ளி கல்லூரியாக வளர்ந்து 1906-ல் கோவைக்குப் போனது. 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையமும் அங்கே வந்தது. கோவை மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டு, 1992-ல் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று இந்தியாவின் பெயராலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இது வெண்புழுவைத் தேடிப் போய் உடம்புக்குள் நுழைந்து, தன் வயிற்றில் சுமந்து வரும் பாக்டீரியாவை உள்ளே விடும். இரண்டு மூன்று நாளில் புழு செங்கல் நிறமாகிச் சாகும்; இருட்டில் பார்த்தால் மங்கலாக ஒளிரும் என்கிறார்கள். பெங்களூரில் உள்ள மத்திய ஆய்வு நிலையத்தார் இதைத் தூளாக்கித் தயாரிக்க வழி செய்திருக்கிறார்கள். இதன் ஒன்றுவிட்ட சகோதரனைத்தான் அமெரிக்காவில் கோல்ஃப் திடல்களில் தெளிக்கிறார்கள். அண்ணன் மகனுக்கு இதைச் சொன்னேன். “நம்ம ஊர்ப் புழுவா?” என்றான், நம்பிக்கையில்லாமல்.

இவையும் குறையில்லாதவை அல்ல. ஈரம் வேண்டும், வெயில் ஆகாது, வாங்கி நாளாகிவிட்டால் உள்ளே உயிர் இருக்காது. பாத்திச் சோதனையில் விஷத்துக்குக் கிடைத்த 95 மதிப்பெண் இவற்றுக்குக் கிடைப்பதும் அரிது. கடையில் கேட்டால், “அதெல்லாம் லேட்டா வேலை செய்யும் சார்” என்று வேறு டப்பாவை நீட்டுகிறார்கள்.

வீட்டில் தோட்டமும் நாலு தென்னையும் வைத்திருக்கும் நண்பர்கள் இதைச் செய்து பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் முதல் மழை பெய்த அன்று ராத்திரி ஏழரை மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நில்லுங்கள்; இலை நறநறவென்று சத்தம் போட்டால் வண்டு வந்துவிட்டது. ஆடி, ஆவணியில் செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு சதுர அடி கொத்தி எண்ணிப் பாருங்கள். எருக்குழியைக் கிளறும்போது கட்டைவிரல் பருமனுக்குப் புழு வந்தால் அது தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. வேளாண்மை அலுவலகத்தில் மெட்டாரைசியம் கேட்டு வாங்கிக் குழியில் ஈரத்தோடு கலந்துவிடுங்கள். சில வாரம் கழித்துப் பச்சை பூத்து விறைத்த புழு கிடந்தால் அருவருத்து வெளியே எறிய வேண்டாம், குழியிலேயே கிடக்கட்டும். மற்ற புழுக்களுக்கு அதிலிருந்துதான் பரவ வேண்டும்.